அடையாறு முகத்துவாரமும் நான் எழுதாமல் விட்ட காக்கைகளும்

போன மாதம் இந்த வலைப்பூவில் கோடிக்கரைப் பயணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதன் பின்னூட்டத்தில் ஒரு பெண், தரையில் முட்டையிடும் பறவைகளுக்குக் காவல் இருக்கும் தன்னார்வலர் வேலைக்குப் போகப் போவதாகவும், என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்றும் கேட்டிருந்தார். என்ன எடுத்துப் போகக் கூடாது என்று சொல்வதற்கு என்னைவிடத் தகுதியான ஆள் சென்னையில் கிடைக்கமாட்டான். அதனால் இந்தத் தடவை தூரத்துப் பயணம் எதுவும் இல்லை. மயிலாப்பூர் குளத்திலிருந்து அடையாறு கடலில் கலக்கும் இடம் வரை, போக மூன்றரை கிலோமீட்டர், வர மூன்றரை கிலோமீட்டர். எழுபதுகளின் நடுவில், மார்ச் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை அனேகமாகத் தினமும் போய் வந்தேன்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தி. நகரில் என் தாய்மாமா நடத்திய ஜவுளிக் கடையில் சேலை மடித்துக் கொண்டிருந்தேன். நானும் அம்மாவும் மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறையும் சமையல்கட்டும் உள்ள போர்ஷனில் குடியிருந்தோம். முந்தின கார்த்திகையில் அப்பா இறந்துவிட்டார். அதன் பிறகு காலை நேரத்தில் வீட்டில் இருக்க முடியவில்லை. அம்மா காபி போடும்போதே அழ ஆரம்பித்துவிடுவாள். எனக்கும் அழுகை வரும், வராதது போல் நிற்க வேண்டும். எங்கேயாவது போய்த் தொலைந்தால் போதும் என்றிருந்த சமயத்தில்தான் பேட்டை வாசகசாலையின் பலகையில் அந்தக் காகிதத்தைப் பார்த்தேன்.

‘அடையாறு முகத்துவாரத்தில் மணலில் முட்டையிடும் ஆலாப் பறவைகளைக் கண்காணிக்க ஆள் தேவை. காலை ஐந்தே முக்கால் முதல் எட்டு வரை. சம்பளம் இல்லை.’ கடைசி இரண்டு சொற்களுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தது. எங்கள் கடை ஒன்பதரைக்குத்தான் திறக்கும். பறவை மேல் எனக்கு அப்போது எந்தப் பாசமும் கிடையாது, கறியாக வந்தால் சாப்பிடுவேன், அவ்வளவுதான். ஆனாலும் பெயரைக் கொடுத்தேன்.

காகிதத்தை எழுதியவர் நூர்ஜஹான் மேடம். ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுத்துக் கொண்டிருந்தார். மூன்று தலைமுறையாக ராயப்பேட்டையில் இருக்கும் குடும்பம். ஐந்தடிக்கும் குறைவான உயரம், தலையை மூடிய முந்தானை, கையில் எப்போதும் ஒரு துணிப்பை. அவர் பேசினால் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனும் நிமிர்ந்து உட்காருவான் என்று எனக்குத் தோன்றும். முதல் நாளே என்னிடம் சொன்னார்: “முத்து, விரட்டுறதுக்கு நான் ஆள் கேக்கல. பாத்து எழுதறதுக்குத்தான் கேட்டேன். எது வந்துச்சு, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமா வந்துச்சு, எவ்வளவு நேரம் இருந்துச்சு. நாலே நாலு விஷயம். யாரு முட்டையைத் திங்கறாங்கன்னு தெரியாம யாரைத் தடுக்கறது?”

இனி வழி. கடையின் டெலிவரி சைக்கிளை மாமா இரவில் என்னிடமே விட்டுவிடுவார், ஆகவே வாடகை இல்லை. காலை ஐந்து மணிக்குக் குளத்தடியில் புறப்பட்டால் கச்சேரி ரோடு வழியாகச் சாந்தோம் எட்டு நிமிஷம். அங்கிருந்து கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே பட்டினப்பாக்கம் வரை பத்து நிமிஷம், எதிர்க்காற்று அடித்தால் பதினைந்து. கடைசி டீக்கடையில் ஒரு டீ, பதினைந்து பைசா. சைக்கிளை அங்கேயே பூட்டிவிட்டு மணலில் இறங்கி நடந்தால் இன்னொரு கால் மணி. சைக்கிள் இல்லாதவர்கள் பஸ்ஸில் வந்து சாந்தோமில் இறங்கி நடக்கலாம், அது முக்கால் மணி நேர நடை. செருப்பைக் கையில் எடுத்துக் கொள்வது நல்லது. மணலில் செருப்போடு நடப்பவனுக்குப் பாதி வழியிலேயே கோபம் வந்துவிடும்.

கோடையில் ஆற்றில் தண்ணீர் வற்றிப் போய், கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் மணல்திட்டு ஒன்று எழும்பிக் கிடக்கும். அந்தத் திட்டுக்குக் கொஞ்சம் மேற்கே ஆற்றின் குறுக்கே ஒரு குறுகலான பாலம் இருந்தது. இன்று உடைந்த பாலம் என்று சினிமாக்காரர்களும் காதலர்களும் தேடிப் போகிறார்களே, அதுதான். நான் போன காலத்தில் அது முழுசாக இருந்தது. தெற்குக் கரையில் ஊரூர் குப்பத்து மீனவர்கள் அதன் வழியாகத்தான் இந்தப் பக்கம் வருவார்கள். தெற்குக் கரையில் இருந்த கூடுகள் மேடத்தின் பொறுப்பு. வடக்குத் திட்டு என்னுடையது.

கூடு என்று சொன்னேனே தவிர அங்கே கூடு எதுவும் கிடையாது. சின்ன ஆலா மைனா அளவு இருக்கும். வெள்ளை உடம்பு, கறுப்புத் தொப்பி, மஞ்சள் மூக்கு. அது வெறும் மணலில் வயிற்றை வைத்து நாலு தடவை சுற்றும். உள்ளங்கை அளவு பள்ளம் விழும். அதில் இரண்டு அல்லது மூன்று முட்டை. மணல் நிறத்திலேயே பழுப்புப் புள்ளிகளோடு இருப்பதால் காலடியில் இருந்தாலும் தெரியாது. மேடம் காட்டிக் கொடுத்த பிறகு எண்ணினேன், என் திட்டில் பதினொரு பள்ளங்கள். அறுபது தப்படி தள்ளி உடைந்து போன பழைய படகு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அந்தத் திட்டு முழுவதற்கும் நிழல் என்று இருந்தது அது ஒன்றுதான். அதன் மேல் உட்கார்ந்து பார்ப்பேன், வெயில் ஏறினால் அதன் நிழலில் உட்கார்ந்து எழுதுவேன்.

முதல் வாரம் நான் எழுதியதையெல்லாம் இப்போது படித்தால் சிரிப்பு வருகிறது. ‘6.05 பருந்து, மேலே, போய்விட்டது. 6.20 கீரி, வால் மட்டும். 6.40 ஒன்றும் இல்லை, நல்ல காற்று.’ நல்ல காற்றை யார் கேட்டார்கள்? ஆனால் மேடம் அதையும் திட்டவில்லை. “காத்து திசையையும் எழுதினா இன்னும் நல்லா இருக்கும்” என்றார். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. சூரியன் கடலிலிருந்து எழும்பும்போது ஆலாக்கள் தண்ணீருக்கு மேலே நின்ற இடத்தில் சிறகடித்து, கல் விழுவது போல விழுந்து மீனோடு எழும். ஆண் பறவை அந்த மீனைக் கொண்டு வந்து முட்டை மேல் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு ஊட்டும். அப்பா போன பிறகு நான் எதையாவது ஆசையோடு பார்த்தது என்றால் அதுதான்.

அம்மா ஐந்து மணிக்கே இட்லியும் மிளகாய்ப் பொடியும் இலையில் கட்டி, கூடவே ஒரு சின்ன டப்பாவில் கொஞ்சம் சோறு வைத்துக் கொடுப்பாள். அந்தச் சோறு எனக்கில்லை. எங்கள் வீட்டில் காக்கைக்கு வைக்காமல் யாரும் வாயில் எதையும் போட்டதில்லை, அப்பா போன பிறகு அது இன்னும் கண்டிப்பாகிவிட்டது. தினமும் திரும்பி வந்ததும் அம்மாவின் முதல் கேள்வி, “ஏலே, அப்பாவுக்கு வச்சியா?” என்பதுதான். வைத்தேன். காலை ஏழே காலுக்குப் படகின் முனையில் சோற்றை வைத்து, ‘கா, கா’ என்று கூப்பிடுவேன். முதல் நாள் இரண்டு காக்கைகள் வந்தன. வைத்துவிட்டு நின்று முறைத்துக் கொண்டிருக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். பார்த்துக் கொண்டிருந்தால் காக்கை தொடாது, வந்தவரைச் சங்கடப்படுத்துவது போல. ஆகவே திட்டுக்கு முதுகைக் காட்டி, ஆற்றைப் பார்த்து உட்கார்ந்து இட்லியைச் சாப்பிடுவேன். பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகும்.

ஏப்ரல் நடுவில் முட்டைகள் காணாமல் போக ஆரம்பித்தன. முட்டை இருந்த பள்ளம் பதினொன்று ஒன்பதாயிற்று, ஒன்பது ஆறாயிற்று. ஒவ்வொரு பள்ளத்திலும் மணல் கலைந்து கிடக்கும், சில சமயம் ஓட்டுத் துண்டு. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. யார் வேலை என்றும் எனக்குத் தெரிந்துவிட்டது. சரியாக நான் சாப்பிடும் நேரத்தில் முதுகுக்குப் பின்னால் ஆலாக்கள் கூச்சல் போடும். திரும்பிப் பார்த்தால் திட்டில் ஒரு நாய் ஓடிக் கொண்டிருக்கும். செம்பட்டை நிறம், இடது காது கிழிந்தது. ஆலாக்கள் அதன் தலை மேல் விழுந்து விழுந்து எழும். தினமும் எழுதினேன். ‘7.20 நாய், பாலத்திலிருந்து. 7.25 நாய், அதே நாய். 7.20 நாய்.’

அந்த நாய் கன்னியம்மா அக்காவுடையது. ஊரூர் குப்பத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். தலையில் மீன் கூடையோடு தினமும் ஏழேகாலுக்குப் பாலத்தைத் தாண்டிச் சாந்தோம் தெருக்களுக்கு விற்கப் போவார். நாயின் பெயர் ரோசி. என்னைப் பார்க்கும்போதெல்லாம், “இன்னா நைனா, முட்டை பத்திரமா கீதா?” என்று கேட்டுவிட்டுப் போவார். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு அவர் நாயை நோட்டில் எழுதுவேன்.

மேடம் எல்லா நோட்டுகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார். என் நோட்டில் நாய்தான் முதலிடம். காக்கை என்று தேடினால் ‘மேலே பறந்தது’ என்று நாலைந்து இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். ஒரு விஷயம் மட்டும் அவருக்கு இடித்தது. குப்பம் இருக்கும் தெற்குக் கரையில்தான் நாய்கள் அதிகம், ஆனால் அங்கே முட்டை அவ்வளவாகப் போகவில்லை. கடைசியில் அவரே ஒரு காரணம் சொல்லிக் கொண்டார். தெற்கே நாய்களுக்கு மீன் கழிவு தாராளமாகக் கிடைக்கிறது, பாலம் தாண்டி வருவது பசித்த நாயாக இருக்கும் என்று. என்னைப் போலவே காகிதத்தைப் பார்த்துப் பெயர் கொடுத்திருந்த மற்ற நாலு பேரும் அவசரப்படுத்தினார்கள். நாய் பிடிக்கும் வண்டியை அனுப்பச் சொல்லி மாநகராட்சிக்கு ஒரு கடிதம் எழுதினோம். திங்கட்கிழமை காலை காவல் முடிந்ததும் மேடமே அதை நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதாக முடிவாயிற்று. கடிதத்தின் கீழே ஆதாரம் என்று என் நோட்டின் பக்கங்களைப் பிரதி எடுத்து இணைத்திருந்தோம். எனக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை.

திங்கட்கிழமை. திட்டில் நாலு பள்ளம்தான் மிச்சம். ஏழு பத்துக்குக் கன்னியம்மா அக்கா பாலத்திலிருந்து இறங்கி வருவது தெரிந்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. எதிரே போய் நின்றேன்.

“அக்கா, ரோசியை ஒரு வாரம் வீட்டுல கட்டிப் போடுங்க.”

“இன்னாத்துக்கு?”

“நாய் பிடிக்கிற வண்டி வரும். மேடம் இன்னைக்குக் கடிதாசி குடுக்கப் போறாங்க. இங்க முட்டையெல்லாம் நாய்தான் திங்குதுன்னு.”

அவர் கூடையை மணலில் இறக்கி வைத்தார். “யாரு சொன்னது?”

நான் நோட்டைக் காட்டினேன். “நான்தான் எழுதினேன்.”

அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் நோட்டை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ரோசிய மட்டுமா புட்ச்சினு போவான்? வண்டி வந்தா குப்பத்துல கீற அத்தினி நாயையும்தான் இஸ்துக்கினு போவான். அப்பால வலையும் படகும் யாரு பாத்துக்கறது? நீ வந்து படுத்துக்கறியா?”

நான் நோட்டை அவர் கையிலிருந்து வாங்கிக் கொண்டேன்.

“நாய் அத்தினியும் எங்க பக்கம்தானே கீது? எங்க பக்கம் முட்டை போவல. உங்க பக்கம் மட்டும் இன்னாத்துக்குப் போவுது?”

“இந்தப் பக்கம் வர்ற நாய்க்குப் பசின்னு மேடம் சொல்றாங்க.”

“ரோசிக்குப் பசியா? நான் துன்ற மீன்ல பாதி அதான் துன்னுது” என்று சொல்லிக் கொண்டே இடுப்பில் செருகியிருந்த கயிற்றை எடுத்து நாயின் கழுத்தில் கட்டினார். பிறகு படகின் மேல் ஏறி உட்கார்ந்து கயிற்றைக் காலடியில் மிதித்துக் கொண்டார். “இன்னிக்கு நான் யாவாரத்துக்குப் போவல. நாய் இங்க கீது. நீ தெனம் இன்னா பண்ணுவியோ அத்தப் பண்ணு.”

எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. இருந்தாலும் மணி ஏழே கால், அப்பாவுக்கு வைக்க வேண்டும். டப்பாவைத் திறந்து படகின் முனையில் சோற்றை வைத்து ‘கா, கா’ என்றேன். கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. பாலத்துக் கைப்பிடியிலும் மணலிலும் முன்கூட்டியே வந்து காத்திருந்தன. நான் வழக்கம்போல ஆற்றைப் பார்த்துத் திரும்பி இலையைப் பிரித்தேன். இரண்டாவது இட்லியில் கை வைத்தபோது பின்னால் ஆலாக்களின் கூச்சல் ஆரம்பித்தது.

“நைனா” என்றார் அக்கா. “திரும்பு.”

திரும்பினேன். ரோசி படகின் மறுமுனையில், அக்காவின் காலடியில், நாக்கைத் தொங்கப் போட்டுக் கொண்டு உட்கார்ந்திருந்தது. படகின் முனையில் சோறு தீர்ந்து போயிருந்தது. ஒரு கை சோறு எத்தனை காக்கைக்குக் காணும்? இடம் கிடைக்காததெல்லாம் திட்டில் இறங்கி, சாவகாசமாக, சந்தையில் காய் பொறுக்குவது போல நடந்து கொண்டிருந்தன. பதினாலு எண்ணினேன். ஆலாக்கள் மேலேயிருந்து விழுந்து விழுந்து கத்தின. ஒரு காக்கை தலையைக் குனிந்து, நிமிர்ந்தது. அலகில் முட்டை இருந்தது.

“இத்த எழுதுனியா?”

“எதை அக்கா?”

“இப்ப வந்துச்சே, பதினாலு காக்கா. உன் நோட்டுல கீதா?”

இல்லை. ஒரு நாள்கூட எழுதவில்லை. எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவை என் கணக்கில் முட்டை திருட வந்தவை அல்ல, நான் கூப்பிட்டு வந்தவை. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “அது... எங்க அப்பாவுக்கு வைக்கிறது அக்கா” என்றேன்.

அவர் கத்தியிருக்கலாம், கத்த நியாயமும் இருந்தது. கத்தவில்லை. “எங்கப்பனும்தான் செத்தாரு. நானும் வெக்கிறேன், எங்க வூட்டுக் கூரை மேல வெக்கிறேன். குயந்த தூங்கற எடத்துல கூப்ட்டுப் போடுவனா?” என்றார். பிறகு என் கையிலிருந்த இலையைப் பிடுங்கி மடித்து என் பையில் போட்டார். “கடிதாசி எங்க கீது?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மணி ஏழு நாற்பது. மேடம் எட்டுக்குக் காவலை முடித்து அடையாறு பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பார். டீக்கடைக்குப் போய்ச் சைக்கிளை எடுத்துக் கொண்டு சுற்றி வந்தால் ஆகாது. பாலத்தின் வழியாக ஓடினேன். “நீ போ, இங்க நான் கீறேன்” என்று பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. பாலம் தாண்டி, குப்பத்துச் சந்துகளில் வலை உலர்த்தியவர்களை இடித்துக் கொண்டு ஓடி, தெற்குத் திட்டுக்குப் போனால் அங்கே மேடம் இல்லை. ஐந்து நிமிஷம் முன்னாடியே கிளம்பிவிட்டாராம். அங்கிருந்து பஸ் ஸ்டாண்ட் இரண்டு கிலோமீட்டருக்குக் குறையாது. சட்டையெல்லாம் வியர்வை, உள்ளங்காலில் முள். அந்த இரண்டு கிலோமீட்டரும் என்னைப் பற்றி நான் என்னவெல்லாம் நினைத்துக் கொண்டேன் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

மேடம் பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்திருந்தார். துணிப்பையின் வாயில் கடித உறை நீட்டிக் கொண்டிருந்தது. “மேடம், குடுக்காதீங்க” என்றுதான் முதலில் கத்தினேன். கண்டக்டர் விசில் கொடுத்தார். மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார், காலைக் கீழே இறக்கினார், பஸ் போய்விட்டது.

நடைபாதையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சோறு, கூப்பிட்டது, முதுகைக் காட்டி உட்கார்ந்தது, காக்கையை எழுதாமல் விட்டது. சொல்லி முடித்தபோது இந்த வேலை அன்றோடு தீர்ந்தது என்றே நினைத்தேன். அவர் உறையை எடுத்து இரண்டாகக் கிழித்துப் பையில் போட்டுக் கொண்டார்.

“எத்தனை நாளா வைக்கிற?”

“மார்ச் இருபத்தஞ்சுலேருந்து, மேடம். தினம்.”

“ஏழே காலுக்கு?”

“ஆமா.”

“அப்ப அதை எழுது. முதல் நாள் எத்தனை காக்கா, அப்பறம் எத்தனை, ஞாபகம் இருக்கற வரைக்கும் எழுது. ‘காவல்காரர் சோறு வைத்தார்’னு தனி வரி போட்டு எழுது.” அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. “தெற்குப் பக்கம் கணக்கு இடிக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சுது முத்து. தெரிஞ்சும் நானே ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டேன். அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். அது என் தப்பு, அதையும் எழுது.”

படித்தவர்கள் தங்கள் தப்பைத் தாங்களே சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. அந்த நடைபாதையில் அவர் காலில் விழுந்திருப்பேன், சுற்றிலும் ஆள் நிற்காமல் இருந்தால்.

நாங்கள் இருவரும் நடந்தே பாலத்தைத் தாண்டித் திட்டுக்கு வந்தபோது மணி எட்டே முக்கால். கன்னியம்மா அக்கா படகின் மேல் அதே இடத்தில் இருந்தார். கூடையில் மீன் வாடத் தொடங்கியிருந்தது. ரோசி படகின் முனையில், நான் சோறு வைக்கும் அதே இடத்தில், கட்டிப் போடப்பட்டிருந்தது. திட்டில் ஒரு காக்கைகூட இல்லை. ஆலாக்கள் மறுபடி முட்டை மேல் உட்கார்ந்திருந்தன. “நாயிக்குப் பயந்துக்கினு ஒண்ணும் கிட்டக்க வர்ல” என்றார் அக்கா. தினமும் ரோசி திட்டில் ஓடியது காக்கைகளைத் துரத்தத்தான் என்று எனக்குப் புரிந்தது. மேடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். அக்கா கூடையைக் காட்டி, “மீன் கெட்டுப் போவுது, யாராவது வாங்கறீங்களா?” என்றார். மேடம் கூடையில் இருந்த சங்கரா மீனில் பாதியை வாங்கிக் கொண்டார்.

அடுத்த பத்துப் பதினைந்து நாள் என் வாழ்க்கையில் கஷ்டமான நாட்கள். வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, “அப்பா முட்டைத் திருடர் இல்லலே. நான் மொட்டை மாடியில வச்சுக்கிடுதேன்” என்றாள். ஆனால் ஏழே காலுக்குக் காக்கைகள் படகைத் தேடி வருவது நிற்கவில்லை. பாலத்துக் கைப்பிடியில் வரிசையாக உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கரையும். பசியோடு வாசலில் வந்து நிற்கும் அப்பாவைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது. கண்ணைத் துடைத்துக் கொண்டு எழுதினேன். ‘7.15 காக்கை பதினாலு, பாலம். 7.15 காக்கை பன்னிரண்டு. 7.15 காக்கை ஒன்பது.’ அக்கா தினமும் ரோசியைப் படகில் கட்டிவிட்டு வியாபாரத்துக்குப் போவார், ஒன்பது மணிக்குத் திரும்பும்போது அவிழ்த்துக் கொண்டு போவார். எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டிய நான் அவர் வரும் வரை இருந்துவிட்டுக் கடைக்குப் பத்து மணிக்குப் போய் மாமாவிடம் திட்டு வாங்கினேன்.

மிச்சமிருந்த மூன்று பள்ளங்களில் ஒன்றை ஒரு நாள் பேரலை வந்து கொண்டுபோய்விட்டது. இரண்டில் குஞ்சு பொரித்தது. மணல் உருண்டைக்குக் கால் முளைத்தது போல இருக்கும், ஓடும், நின்றால் காணாமல் போய்விடும். ஜூன் முதல் வாரத்தில் ஒரு காலை, அவற்றில் ஒன்று சிறகை விரித்து எதிர்க்காற்றில் எழும்பி, நாலடி உயரத்தில் தடுமாறி, படகைத் தாண்டிப் பறந்தது. ரோசி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக் கொண்டது. நான் படகின் மேல் நின்று கத்தினேன். பாலத்தில் போனவர்கள் என்னைப் பார்த்து என்ன நினைத்தார்களோ தெரியாது. அதற்கு இரண்டு நாள் கழித்து இன்னொன்றும் பறந்தது. பதினொரு பள்ளத்துக்கு இரண்டு பறவை. குறைவுதான், என்னால் குறைந்ததுதான். ஆனால் அந்த இரண்டையும் எனக்குக் கொடுத்தது, ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு மனுஷி. அந்த நன்றியைத்தான் இத்தனை வருஷம் சுமந்து கொண்டிருக்கிறேன்.

இனி பின்னூட்டத்தில் கேட்டவருக்கு. எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் அனுமதி வேண்டுமா என்று விசாரித்துக் கொள்ளுங்கள், நான் போன காலம் வேறு. மங்கலான நிறச் சட்டை, தொப்பி, தண்ணீர், பென்சில் போதும். பேனா எடுத்துப் போகாதீர்கள், கடல் காற்றில் மை பரவிவிடும். சாப்பாட்டை டீக்கடையோடு முடித்துக் கொள்ளுங்கள், பறவை இருக்கும் இடத்தில் ஒரு பருக்கைகூடச் சிந்தக் கூடாது. சாமிக்கு, முன்னோருக்கு, யாருக்கு வைப்பதாக இருந்தாலும் வீட்டில் வையுங்கள், அவர்கள் கோபித்துக் கொள்ள மாட்டார்கள். பறவை உங்களைப் பார்த்துக் கத்தினால் இன்னும் இருபது தப்படி பின்னால் போங்கள். கூடுகளுக்குப் பக்கத்தில் வந்தவர்களின் பட்டியலை எழுதும்போது, நீங்கள் எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்பதை முதல் வரியாக எழுதுங்கள். அந்த இடத்தில் வாழ்கிறவர்களிடம் பேசுங்கள். அவர்களைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் பேசுங்கள்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கரையான் தின்றது போக மிச்சம். கடைசி நாள் அக்கா நாயை அவிழ்க்க வந்தபோது நோட்டை எட்டிப் பார்த்து, “இதுலயும் நாய்னுதான் எழுதியிருக்கியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அதுக்குப் பேரு கீது நைனா” என்றார். அவர் பார்த்துக் கொண்டிருக்கும்போதே அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன், எழுதியதை அவருக்கு வாசித்தும் காட்டினேன். அந்த வரியை மட்டும் கரையான் தொடவில்லை. ‘காலை 7.10. கன்னியம்மா, ரோசி. காவலுக்கு வந்தார்கள்.’